குழந்தைகள் ஒன்றாக வரையும்போது என்ன நிகழ்கிறது?

வெள்ளம் வடிந்த சில நாள்களுக்குள் வடசென்னையின் தாழ்வான பகுதிகளுக்கு அரிசி வரும், போர்வை வரும், அவற்றோடு வண்ணப் பென்சில் பெட்டிகளும் வரும். அரிசியும் போர்வையும் கொண்டுவருவோர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பென்சில் பெட்டிகளோடு வருவோர் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, 'வெள்ளத்தை வரையுங்கள்' என்று சொல்வார்கள். ஒரு மணி நேரத்தில் தாள்கள் சேகரிக்கப்படும், மூன்று பேருக்குப் பரிசு தரப்படும், ஒளிப்படம் எடுக்கப்படும். அடுத்த வாரம் அவர்கள் வேறோர் ஊரில் இருப்பார்கள். அண்மைக்காலமாக இத்தகைய நிகழ்ச்சிகளுக்குக் 'கலைச் சிகிச்சை' என்று பதாகையும் கட்டப்படுகிறது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். ஓவிய வகுப்பும் ஓவியப் போட்டியும் எனக்குப் பழக்கமானவை. இரண்டிலும் நன்மை உண்டு. ஆனால், குழுக் கலைச் சிகிச்சை என்பது இவ்விரண்டிலிருந்தும் வேறான ஒரு துறை. அதற்கென்று வரலாறு உண்டு, முறை உண்டு, எல்லைகள் உண்டு. தவறாகக் கையாண்டால் தீங்கும் உண்டு. அதைப் பற்றி இப்போது பேசுவதற்கு எனக்குள்ள காரணம் சடையங்குப்பம்.

மணலிக்கும் எண்ணூருக்கும் இடையே, கொசஸ்தலை ஆற்றை ஒட்டிக் கிடக்கும் தாழ்வான நிலம் அது. தனி ஊராட்சியாக இருந்து, 2011இல் சென்னை மாநகராட்சியின் விரிவாக்கத்தின்போது அதனுடன் இணைக்கப்பட்டது. ஒரு பக்கம் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். இன்னொரு பக்கம் அனல்மின் நிலையங்களும் காமராஜர் துறைமுகமும். சென்னை வரைபடத்தில் இவ்வூரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சிறிது நேரமாகும். வடகிழக்குப் பருவமழை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் கண்டுபிடித்துவிடுகிறது.

இங்கே பர்மா நகர் என்றொரு குடியிருப்பு உள்ளது. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறின. அப்படி வந்தவர்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இங்கே வளர்கிறார்கள். அருகிலேயே கழிமுகத்தில் கையால் துழாவி இறால் பிடித்து, பறியைப் பல்லில் கவ்வியபடி நீரில் நகரும் இருளர் குடும்பங்கள் உள்ளன. தொழிற்சாலைகளையும் கட்டுமானப் பணிகளையும் நம்பி ஒடிசா, பிஹார், வங்கம் என்று பல திசைகளிலிருந்து வந்தவர்கள் இந்தத் தொழிற்பட்டை முழுவதும் வாடகை அறைகளில் இருக்கிறார்கள். தெலுங்கு பேசுவோர் வடசென்னைக்குப் புதியவர்கள் அல்லர்.

'பல்பண்பாட்டுக் குடும்பம்' என்ற தொடரைப் பெரிதும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த நாடுகளில் தென்கொரியா ஒன்று. வெளிநாட்டுப் பெண்களை மணந்த கொரியர்களின் குடும்பங்களுக்காக 2008இல் அங்கே தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கலைச் சிகிச்சைக் குழுக்கள் நடத்துவது அங்கே வழக்கமாகிவிட்டது. நம்மூரில் அந்தத் தொடர் வேறு வகையில் பொருந்துகிறது. இங்கே பண்பாடுகள் ஒரு வீட்டுக்குள் கலப்பதைவிட ஒரு தெருவுக்குள்தான் அதிகம் அடுத்தடுத்து நிற்கின்றன. பாட்டிக்கு பர்மியச் சொற்கள் நினைவிருக்கும் வீடும், தாய்க்குத் தமிழே தெரியாத வீடும், எந்தப் பதிவேட்டிலும் பெயர் சரியாக எழுதப்படாத இருளர் வீடும் ஒரே அடிகுழாயில் தண்ணீர் பிடிக்கின்றன.

அந்த வீடுகளின் பிள்ளைகளுக்குப் பொதுவானவை சில உள்ளன. 2015 வெள்ளத்தை மூத்த பிள்ளைகளுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியது. கரையோர வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் கறுப்புக் கோடு படிந்தது. அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், எண்ணூரில் அமோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். மூன்று வாரங்களுக்குள் நீரும் காற்றும் அச்சத்துக்குரியவையாக மாறுவதை ஒரு எட்டு வயதுப் பிள்ளை எப்படிப் புரிந்துகொள்ளும்? இந்தக் கேள்விக்குப் பென்சில் பெட்டி மட்டும் விடை ஆகாது.

முன்னோடிகள்

'கலைச் சிகிச்சை' என்ற சொல்லை உருவாக்கியவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய்க்காக இங்கிலாந்தின் ஒரு காசநோய் இல்லத்தில் படுத்திருந்தபோது, வரைவது தன்னைத் தேற்றுவதை அவர் கண்டார். சக நோயாளிகளிடமும் அதைப் பரப்பினார். 1942இல் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்.

குழந்தைகளைப் பொறுத்தவரை இந்தத் துறையின் வேர் அதைவிட இருண்ட இடத்தில் உள்ளது. ஃபிரீடல் டிக்கர் பிராண்டைஸ் வியன்னாவில் பிறந்த யூத ஓவியர். ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் பள்ளியில் பயின்றவர். நாஜிகளிடமிருந்து தப்பி பிராகாவில் வாழ்ந்தபோது அகதிக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். 1942 டிசம்பரில் தெரேசின் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பல நாட்டு யூதக் குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்தனர். பழைய அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில் அவர் அவர்களை வரையச் செய்தார். கழிவுக் காகிதத்தைக் கிழித்து ஒட்டச் செய்தார். முகாம் ஒவ்வொருவரையும் எண்ணாக மாற்றியிருந்த காலத்தில், படத்தின் ஓரத்தில் குழந்தை தன் பெயரை எழுத வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் பாதுகாத்துவைத்த ஏறத்தாழ 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் தப்பின. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் தப்பவில்லை.

பிராகாவில் அவருக்கு உதவியாக இருந்த மாணவி ஈடித் கிராமர், 1938இல் நியூயார்க் சென்றார். பின்னர், துன்பப்பட்ட சிறுவர்களுக்கான ஒரு விடுதிப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் ஓவியம் நடத்தி, அந்த அனுபவத்தை 1958இல் நூலாக்கினார். அவர் தந்த ஒரு கருத்து இன்றும் இத்துறையின் அடிப்படை: சிகிச்சையாளர் குழந்தைக்கு 'மூன்றாம் கை'யாக இருக்க வேண்டும். களிமண் உடைந்தால் ஒட்டும் வழியைக் காட்டலாம். வண்ணம் கலங்கினால் தண்ணீரை மாற்றித் தரலாம். ஆனால், படம் யாருடையதோ அவருடையதாகவே இருக்க வேண்டும். ஓவிய ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதுதான் மிகக் கடினம். பிள்ளை வரைந்த வீட்டின் கூரை கோணலாக இருந்தால் எங்கள் கை தானாக நீளும்.

மட்டக்களப்பில் ஒரு பூங்கா

பல சமூகக் குழந்தைகளைக் கலையின் மூலம் ஒன்றாக அமர வைத்ததற்குத் தமிழ் வழங்கும் நிலத்திலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உள்ளது. தமிழ்நாட்டில் அதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை என்பது வியப்பாக இருக்கிறது.

இலங்கையின் கிழக்கில், 1990ஆம் ஆண்டு மிகக் கொடியதாக இருந்தது. ஆகஸ்டில் காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டனர். ஒரே மொழி பேசும் இரு சமூகங்கள் அடுத்தடுத்த ஊர்களில் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்தன. இந்தப் பின்னணியில், 1996இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடாவைச் சேர்ந்த ஓவியர் பால் ஹோகனும், உளவளத் துணையில் ஈடுபட்டிருந்த இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் அதன் முன்னோடிகள். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் பிற குழந்தைகளும் ஒன்றாக விளையாடும் ஒரு தோட்டத்தை டொரன்டோவில் ஏற்கெனவே உருவாக்கியவர் ஹோகன்.

பூங்காவின் முறை எளிமையானது. ஒரு தமிழ்க் கிராமம், ஒரு முஸ்லிம் கிராமம் என்று இணையாகத் தேர்ந்தெடுப்பார்கள். வண்ணம் பூசிய பேருந்து இரு ஊர்களுக்கும் சென்று பிள்ளைகளை ஏற்றிவரும். வாரத்துக்கு ஒரு நாள், மாதக்கணக்கில் இது தொடரும். பூங்காவில் மரங்கள், விலங்குகள், களிமண், வண்ணங்கள், கதை, நாடகம் எல்லாம் இருந்தன. பிள்ளைகளை வழிநடத்தியவர்களும் இரு சமூகங்களிலிருந்தும் வந்த இளைஞர்களே. 'போரை வரை' என்று யாரும் கட்டளையிடவில்லை. 'முஸ்லிம் நண்பனைக் கட்டித் தழுவு' என்றும் சொல்லவில்லை. ஒரே களிமண் குவியலிலிருந்து இருவர் மண் எடுத்தார்கள். ஒரே நாடகத்துக்கு முகமூடி செய்தார்கள். பேச வேண்டியவை, பேசத் தயாரானபோது, கதைக்குள் தாமாக வந்தன.

அந்தப் பேருந்து எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதிரி என்று சொல்லப்பட்ட ஊருக்குள் அது நுழைந்து நின்று பிள்ளைகளை ஏற்றும்போது, இந்த ஊர்ப் பிள்ளை சன்னல் வழியாக அந்த ஊரைப் பார்த்தது. சிகிச்சை பூங்காவின் வாசலில் தொடங்கவில்லை, பயணத்திலேயே தொடங்கிவிட்டது.

சடையங்குப்பம் மட்டக்களப்பு அல்ல. இங்கே சமூகங்களுக்கிடையே போர் இல்லை. இங்குள்ளது ஒருவரையொருவர் கவனிக்காமல் வாழும் வழக்கம், அவ்வப்போது ஒரு கேலிச் சொல், 'அந்தப் பிள்ளைகளோட சேராதே' என்ற வீட்டுக் கட்டளை. எனவே தீவிரம் வேறு. ஆனால், முறை பொருந்தும்.

ஓர் அமர்வில் நிகழ்வது

குழுக் கலைச் சிகிச்சையில் எட்டிலிருந்து பத்துப் பிள்ளைகள் போதும். அதே பிள்ளைகள், அதே இடம், அதே கிழமை, அதே நேரம், அதே பெரியவர் என்பது முதல் நிபந்தனை. வீடே வெள்ளத்தில் இடம் மாறிய பிள்ளைக்கு 'சனிக்கிழமை பத்து மணிக்கு இந்தப் பாய் இங்கே விரிக்கப்பட்டிருக்கும்' என்ற உறுதி, வரையும் படத்துக்கு முன்பே வேலை செய்யத் தொடங்குகிறது.

விதிகள் மிகக் குறைவு. அடுத்தவர் படத்தின்மேல் அவர் அனுமதியின்றிக் கை வைக்கக் கூடாது. கேலி கூடாது. காட்ட விரும்பாதவர் காட்ட வேண்டாம். இங்கே சொல்லப்பட்டது வெளியே போகாது; ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் பெரியவர் உரியவரிடம் சொல்வார் என்பதையும் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு பொருள்கள். பென்சிலும் மெழுகு வண்ணமும் கைக்கு அடங்கும். நீர்வண்ணம் ஓடும், எங்கே பரவும் என்று சொல்ல முடியாது. களிமண் உடலையே உள்ளே இழுக்கும். மிகவும் அஞ்சியிருக்கும் பிள்ளைக்கு முதல் நாளே நீர்வண்ணத்தைக் கொடுத்தால், கட்டுக்கடங்காத ஒன்றைத் திரும்பவும் சந்திக்க வைத்ததாகிவிடும். பயிற்சி பெற்றவர் கைக்கு அடங்கும் பொருளில் தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்லத்தான் அடங்காத பொருளுக்கு நகர்வார். வண்ணப் பெட்டியை நன்கொடையாகத் தருவோர் இந்த வேறுபாட்டை அறிவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

குழுவின் தனித்தன்மை பெரிய தாளில் வெளிப்படும். நான்கைந்து சார்ட் தாள்களை ஒட்டி விரித்து, சுற்றி அமர்ந்து வரையச் சொன்னால், முதலில் ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் ஒரு மூலையை வளைத்துக்கொள்வார்கள். சிலர் கோடு போட்டு எல்லையே கட்டுவார்கள். நடுவில் வெறுமை கிடக்கும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் யாரோ ஒருவர் தன் சாலையை அடுத்தவர் எல்லைவரை கொண்டுபோவார். அங்கே ஒரு பேச்சுவார்த்தை நடக்கும்: கண்ணால், கையால், அரைகுறைத் தமிழால். அனுமதி கிடைத்தால் சாலை நீளும். கிடைக்காவிட்டால் அங்கேயே ஒரு பாலமோ சுவரோ முளைக்கும். சிகிச்சையாளர் கவனிப்பது இந்தத் தருணத்தைத்தான். படத்தின் அழகு அவருக்கு ஒரு பொருட்டல்ல.

இதற்குப் பொதுமொழி தேவைப்படுவதில்லை என்பதே பல மொழிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பெரிய விடுதலை. வேற்றுமொழிப் பெற்றோருக்குப் பிறந்து இங்கே தமிழ் கற்றுக்கொண்ட பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள். மருத்துவமனையில் தாயின் நோயை மருத்துவரிடம் சொல்வது அந்தப் பிள்ளை. வாடகை கேட்டு வருபவரிடம் பேசுவது அந்தப் பிள்ளை. கேட்கக் கூடாத வசைகளையும் சொல்லக் கூடாத செய்திகளையும் ஒன்பது வயதில் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரமாவது யாருக்காகவும் மொழிபெயர்க்காமல் இருக்கும் இடம் அதற்கு வேண்டும்.

சில சனிக்கிழமைகளில் நான் அப்பகுதிப் பிள்ளைகளோடு அமர்ந்து வரைந்ததுண்டு. அதைச் சிகிச்சை என்று நான் சொல்லமாட்டேன், வரைந்தோம், அவ்வளவுதான். ஒரு சிறுமி ஆற்றைக் கறுப்பாகத் தீட்டிக்கொண்டிருந்தாள். உடன் வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் என் காதருகே, 'சார், கறுப்பு மனச்சோர்வின் அடையாளம் அல்லவா?' என்று கேட்டார். சிறுமிக்குக் காது கூர்மை. 'ஆறு அந்தக் கலர்தான் சார்' என்றாள்.

படத்தைப் பார்த்துப் பிள்ளையின் மனத்தைப் படித்துவிடலாம் என்ற நம்பிக்கை படித்தவர்களிடம் பரவலாக இருக்கிறது. கறுப்பு என்றால் துயரம், கை இல்லாத மனிதர் என்றால் இயலாமை, பெரிய மரம் என்றால் தன்னம்பிக்கை என்று பட்டியல் போட்ட கையேடுகள் விற்பனையாகின்றன. அனல்மின் நிலையச் சாம்பல் கலக்கும் கழிமுகத்தின் கரையில் வாழும் பிள்ளை நீரைச் சாம்பல் நிறத்தில் வரைவது வெறும் உண்மைப் பதிவாக இருக்கலாம். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளம் என்பது பாழான புத்தகப் பை. இறால் பிடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அதே நீர் அன்றாடச் சோறு, எண்ணெய் படிந்த பிறகு கைவிட்டுப் போன சோறு. பண்பாடுகள் பலவாக இருக்குமிடத்தில், படத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை வரைந்தவருக்கு மட்டுமே உண்டு. சிகிச்சையாளர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: 'இதைப் பற்றிச் சொல்கிறாயா?' சொல்லாவிட்டால் அதுவும் சரியே.

இன்னொரு பொறியும் உண்டு. பல பண்பாடு என்றதும், ஒடிசாப் பிள்ளையை எழுப்பி 'உங்கள் ஊர் நடனம் ஆடு' என்போம். இருளர் பிள்ளையிடம் பாம்பு பற்றிக் கேட்போம். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தக் காட்சிப்படுத்தல், கூட்டத்திலிருந்து அந்தப் பிள்ளையைத் தனியே பிரித்து நிறுத்துகிறது. சிகிச்சைக் குழுவில் எந்தப் பிள்ளையும் தன் சமூகத்தின் தூதராக வர வேண்டியதில்லை. பண்பாடு வரும்போது அது பக்கவாட்டில் வரும். அரிசி மாவால் தரையில் வரையும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஒடிசாவில் மார்கழியையொட்டிய மாதத்தில் வியாழக்கிழமைதோறும் லட்சுமிக்காக அரிசிக் கரைசலில் வீட்டுச் சுவரிலும் தரையிலும் வரையும் ஜோட்டி உண்டு. மிதிலையில் அரிபன், வங்கத்தில் அல்பனா. தாய்மார்களையும் ஒரு நாள் பாயில் அமரச் சொன்னால், புள்ளி வைக்கும் விரலும் கரைசல் தொடும் விரலும் ஒன்றையொன்று அடையாளம் காண நேரம் பிடிக்காது. ஆயினும், கோலம் எல்லா வீட்டுக்கும் உரியதல்ல என்பதை மறந்து அதையே பொது வடிவமாக்கிவிடக் கூடாது. முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும் கிறித்தவ வீட்டுப் பிள்ளையும் அதே பாயில்தான் அமர்ந்திருப்பார்கள்.

பலன் உண்டா?

இக்கேள்விக்கு ஆர்வலர்கள் சொல்லும் விடையைவிட ஆய்வுகள் சொல்லும் விடை அடக்கமானது. கலைச் சிகிச்சை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லாமல் நடத்தப்பட்டவை பல. ஒழுங்காக நடத்தப்பட்ட ஒன்று நம் அருகிலேயே உண்டு. போரால் பாதிக்கப்பட்ட வட இலங்கைப் பள்ளிகளில் 399 குழந்தைகளைக் கொண்டு வியட்ஸே டோல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் மேற்கொண்ட ஆய்வு 2012இல் வெளியானது. விளையாட்டு, வரைதல், நாடகம் ஆகியவை கலந்த 15 அமர்வுகள், ஐந்து வாரங்கள். முரட்டு நடத்தை குறைந்தது. சிறுவர்களிடமும் வயதில் இளையவர்களிடமும் சில நன்மைகள் தென்பட்டன. ஆனால், அதிர்ச்சியின் அறிகுறிகளைப் பொறுத்தவரை, அமர்வுகளில் கலந்துகொண்ட சிறுமிகளைவிடக் கலந்துகொள்ளாமல் காத்திருப்போர் பட்டியலில் இருந்த சிறுமிகள் அதிகம் தேறியிருந்தனர்.

இந்த முடிவை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். காலம் தானாக ஆற்றுவதை, நாம் குறுக்கே புகுந்து தாமதப்படுத்தவும் கூடும் என்பதே அதன் பொருள். ஐந்து வாரங்களில் முடியும் தொகுப்பே இப்படி என்றால், ஒரு மணி நேரத்தில் 'உன் பயத்தை வரை' என்று சொல்லிக் காயத்தைத் திறந்துவிட்டு, பரிசு கொடுத்து, மூடாமல் போகும் நிகழ்ச்சியை என்னவென்பது? மட்டக்களப்பில் மாதக்கணக்கில் தொடர்ந்ததற்குக் காரணம் உண்டு. திறந்த காயத்தோடு பிள்ளை அடுத்த வாரமும் வந்து அமர அங்கே இடம் இருந்தது.

எனவே சடையங்குப்பம் போன்ற ஊரில் இதைத் தொடங்க நினைப்போருக்கு முதல் கேள்வி, 'எத்தனை வாரம் வருவீர்கள்?' என்பதாகவே இருக்க வேண்டும். நிதி அறிக்கைக்கு ஏற்ற நான்கு வாரம் என்றால், ஓவிய வகுப்பு நடத்துங்கள். அதுவும் நல்ல காரியமே. அதற்குச் சிகிச்சை என்ற பெயர் வேண்டாம்.

இரண்டாவது, யார் நடத்துவது என்பது. 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடன, அசைவுச் சிகிச்சையாளர்களும் இடம்பெற்றுள்ளனர். அதாவது, இது ஒரு தொழில் என்று சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. வாரக்கடைசிப் பயிற்சிச் சான்றிதழோடு பிள்ளைகளின் துயரத்துக்குள் இறங்குவோரை இனியும் அனுமதிக்கக் கூடாது. அதே வேளையில், ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு கலைச் சிகிச்சையாளர் கிடைப்பார் என்று காத்திருக்கவும் முடியாது. பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பேற்று மேற்பார்வையிட, ஊரைச் சேர்ந்த இருவர் உடன் அமர்வதே நடைமுறைக்கு உகந்தது. மட்டக்களப்பில் அப்படித்தான் இளைஞர்கள் உருவானார்கள். அந்த இருவரில் ஒருவர் பர்மா நகரிலிருந்தும் மற்றவர் இருளர் குடியிருப்பிலிருந்தும் வந்தால் நல்லது. இந்தி அல்லது ஒடியா அறிந்த ஒருவர் சேர்ந்தால் இன்னும் நல்லது. 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், சொந்தத் தெருவிலேயே பிள்ளைகளோடு மாலையில் அமரும் பெண்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள் என்பதைக் காட்டியது. அவர்களில் சிலருக்கு இந்தப் பயிற்சியைத் தரலாம்.

பள்ளிகளின் நிலையையும் சொல்ல வேண்டும். தமிழக அரசு 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடத்திவரும் கலைத் திருவிழா, ஏழைப் பிள்ளைகளின் திறமையை மேடையேற்றியிருக்கிறது. நான் அதை மனமார வரவேற்பவன். ஆயினும் அது போட்டி. வெல்லாத பிள்ளைக்கு, வரையத் தெரியாத பிள்ளைக்கு, தாளில் ஒரே கோட்டை நாற்பது முறை இழுத்துவிட்டு அமைதியாகும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. ஓவிய ஆசிரியர்களில் பலர் 2012 முதல் பகுதிநேரத் தொகுப்பூதியத்தில் பணி நிரந்தரம் கேட்டுக்கொண்டே காலம் கழிப்பவர்கள். அதே பெரியவர் அடுத்த ஆண்டும் இருப்பாரா என்ற உறுதி பிள்ளைகளுக்கு வேண்டும் என்று மேலே எழுதினேன். அந்த உறுதி முதலில் அந்த ஆசிரியருக்கு வேண்டும்.

செலவு அதிகமில்லை. ஒரு சமுதாயக்கூடத்தின் ஓர் அறை, மழையில் ஒழுகாத கூரை, பூட்டு உள்ள ஓர் அலமாரி. அந்த அலமாரிக்கு ஒரு காரணம் உண்டு. படங்கள் பிள்ளைகளுக்கு உரியவை; அவர்கள் அனுமதியின்றி நாள்காட்டியிலோ சமூக ஊடகத்திலோ கண்காட்சியிலோ அவை வரக் கூடாது. வெள்ளத்தில் நனையாத உயரத்தில் அந்த அலமாரி இருக்க வேண்டும். சடையங்குப்பத்தில் இது சிறிய செய்தி அல்ல. தங்கள் பொருள்களில் எது மிஞ்சும் என்பதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் அங்குள்ள பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

குழுவில் தேற முடியாத பிள்ளைகளும் இருப்பார்கள். வாரக்கணக்கில் உறங்காதவர், பேச்சையே நிறுத்திவிட்டவர், வீட்டிலேயே துன்புறுத்தப்படுபவர் ஆகியோருக்கு வண்ணம் போதாது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வழி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண், 2022 முதல் இயங்கும் 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண் ஆகியவை அமர்வை நடத்துபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோரிடம் அவர்கள் மொழியில் அதைச் சொல்லும் ஒருவரும் உடன் இருக்க வேண்டும். அந்தச் செய்தியையும் பிள்ளையே மொழிபெயர்க்கும்படி விட்டுவிடக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். மாநகராட்சியின் மணலி மண்டலத்தில் அதற்கு முன்பே கால்வாய் தூர்வாரும் பணிகள் ஒதுக்கப்படும், படகுகள் கணக்கிடப்படும், முகாம்களுக்கான பள்ளிக் கட்டடங்கள் குறித்துவைக்கப்படும். அதே பட்டியலில், முகாமாக மாறும் ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளுக்கென ஓர் அறை, ஒரு பாய், மழை ஓய்ந்த பிறகும் வரப்போகும் ஒரு பெரியவரின் பெயர் ஆகிய மூன்றையும் சேர்க்க மண்டல அலுவலகத்துக்குத் தனி அரசாணை தேவைப்படாது.